கேள்வி – பதில்: இலவசச் செயலிக்கு எதற்குக் கணக்கு?

கேள்வி: செயலி இலவசம் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனாலும் கணக்கு இல்லாமல் இறக்க முடியவில்லை. கணக்குத் திறக்கப் போனால் கார்டு எண் கேட்கிறது. கொடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். கணக்குதான் கட்டாயம், கார்டு இல்லை. செயலிக் கடைக்கு (பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர்) இலவசமும் ஒரு விற்பனைதான். விலை பூஜ்யம், அவ்வளவே. எந்தச் செயலி யார் பேரில் போனது என்று எழுதி வைத்துக்கொள்கிறது. புது ஃபோனில் பழைய செயலிகள் பட்டியலாக வந்து நிற்பது அந்தப் பதிவால்தான். (உங்கள் ரசனையைத் தெரிந்துகொள்ளவும் அது பயன்படுகிறது. அதைக் கொஞ்சம் சன்னமான குரலில்தான் சொல்வார்கள்.)

ஆண்ட்ராய்டில் புதுக் கணக்கில் முதல்முறை ‘இன்ஸ்டால்’ தொட்டதும் ‘கம்ப்ளீட் அக்கவுண்ட் செட்டப்’ என்று ஒரு பெட்டி எழும்பும். பலர் அங்கேயே பயந்து திரும்பிவிடுகிறார்கள். ‘கன்டின்யூ’ தொடுங்கள், பணம் கட்டும் வழிகள் வரிசையாக வரும், அடியில் ‘ஸ்கிப்’ இருக்கும். அதைத் தொட்டால் இறங்கத் தொடங்கிவிடும்.

ஐஃபோனில் வரிசை முக்கியம். முதலில் ஆப் ஸ்டோரிலிருந்து லாக் அவுட் ஆகுங்கள். ஏதாவது ஓர் இலவசச் செயலியைத் தேடி ‘கெட்’ தொட்டு, அங்கே கேட்கும்போது புதுக் கணக்கைத் திறங்கள். அப்போது கட்டண முறைகளில் ‘நன்’ (எதுவும் வேண்டாம்) என்ற தேர்வு இருக்கும். ஏற்கெனவே உள்ள கணக்கில் அது காணாமல் போயிருந்தால் காரணங்களைப் பாருங்கள்: ஏதோ ஒரு சந்தா ஓடிக்கொண்டிருக்கும், பாக்கி நிற்கும், அல்லது குடும்பப் பகிர்வில் மற்றவர்கள் வாங்குவதற்கும் நீங்கள் பொறுப்பேற்றிருப்பீர்கள். அதைத் தீர்த்தால்தான் ‘நன்’ திரும்பும்.

கேள்வி: ஒவ்வோர் இலவசச் செயலிக்கும் ஐஃபோன் பாஸ்வேர்ட் கேட்டு உயிரை வாங்குகிறதே?

பதில்: செட்டிங்ஸில் உங்கள் பெயர், ‘மீடியா அண்ட் பர்ச்சேசஸ்’, ‘பாஸ்வேர்ட் செட்டிங்ஸ்’. அங்கே ‘ஃப்ரீ டவுன்லோட்ஸ்’ பகுதியில் ‘ரிக்வயர் பாஸ்வேர்ட்’டை அணையுங்கள். அந்த மெனுவே தெரியவில்லையா? வாங்குவதற்கு முகமோ விரல்ரேகையோ காட்டும்படி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அது ஆனில் இருக்கும்வரை மெனு மறைந்தே இருக்கும்.

கேள்வி: கைமாறி வந்த ஐஃபோன். இரண்டு செயலிகளை அப்டேட் செய்யும்போது மட்டும் யாருடையதோ மின்னஞ்சல் முகவரியைக் காட்டிப் பாஸ்வேர்ட் கேட்கிறது.

பதில்: அந்த இரண்டும் பழைய உரிமையாளரின் கணக்கில் இறக்கப்பட்டவை. ஆப் ஸ்டோர் செயலியின் உரிமம் இறக்கிய கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். நீங்கள் உங்கள் கணக்கில் நுழைந்தாலும் முடிச்சு அவிழாது. செயலியை நீக்கிவிட்டு உங்கள் கணக்கில் மறுபடி இறக்குவதுதான் வழி. நீக்கினால் உள்ளே இருக்கும் தரவும் போய்விடும், முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கே போடாமல் காலம் தள்ள முடியுமா?

பதில்: முடியும், கொஞ்சம் பொறுமை இருந்தால். எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியம் 2010 முதல் இருக்கிறது. கணக்கே கேட்காது, திறந்த மூலச் செயலிகள் (நிரலை யாரும் பார்க்கலாம்) மட்டும். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) இறக்குவது இன்னொரு வழி. ஆண்ட்ராய்டு 8 முதல் இதற்கான அனுமதி ஃபோன் முழுவதற்கும் இல்லை, செயலிவாரியாக. செட்டிங்ஸில் ‘இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்’ தேடி, எந்த பிரவுசரில் இறக்கினீர்களோ அதற்கு மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள்.

சிக்கல் வருவது ‘ஆப் நாட் இன்ஸ்டால்ட்’ என்ற ஒற்றை வரியில். பெரும்பாலும் கையொப்பத் தகராறு (செயலியை யார் வெளியிட்டார் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரைதான் கையொப்பம்): எஃப்-டிராய்டு பல செயலிகளைத் தானே தொகுத்துத் தன் சாவியால் கையொப்பமிடுகிறது. பிளே ஸ்டோரிலிருந்து வந்த அதே செயலியின் மேல் அது ஏறாது. பழையதை நீக்கியாக வேண்டும். செயலி மிகப் பழையதாக இருந்தாலும் ஏறாது: ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய பதிப்புகளைக் குறிவைத்து எழுதியவற்றை ஆண்ட்ராய்டு 14 ஏற்பதில்லை. மூன்றாவது, நண்பர் தன் ஃபோனிலிருந்து எடுத்து அனுப்பிய கோப்பு. 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோருக்கு வரும் புதுச் செயலிகள், ஒவ்வொரு ஃபோனுக்கும் தக்க துண்டுகளாகத்தான் போய்ச் சேருகின்றன. ஒரு துண்டை மட்டும் அனுப்பினால் ஏறாது, ஏறினாலும் திறந்தவுடன் விழும்.

‘கணக்கு இல்லாவிட்டால் நோட்டிஃபிகேஷன் வராது’ என்பது தவறு. பிளே சர்வீசஸ் (பின்னணியில் ஓடும் கூகுளின் சேவைச் செயலி) ஃபோனில் இருந்தால் போதும், கணக்கில்லாமலும் வரும்.

கேள்வி: செயலி இறக்க மட்டும் ஒரு கணக்கு, மற்ற எதற்கும் வேண்டாம். நடக்குமா?

பதில்: ஐஃபோனில் சுலபம். செட்டிங்ஸில் கணக்கு போடாமல், ஆப் ஸ்டோருக்குள் மட்டும் கணக்கு போட்டு நுழையுங்கள், ஐகிளவுட் (ஆப்பிளின் இணையச் சேமிப்பு) தொடப்படாது. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்குள் சேர்த்தாலும் கணக்கு ஃபோன் முழுவதற்கும் சேர்ந்துவிடும். சேர்த்த கையோடு செட்டிங்ஸில் அந்தக் கணக்கைத் திறந்து ‘அக்கவுண்ட் சிங்க்’கில் தொடர்புகள், காலண்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். இறக்கம் நிற்காது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் எங்காவது எழுதி வையுங்கள்: கணக்கை நீக்காமல் ரிக்கவரி (ஃபோனைத் திறக்காமலேயே அழிக்க உதவும் மெனு) வழியாக ஃபோனை ரீசெட் செய்தால், திரும்ப உயிர்பெறும்போது அதே கணக்கைத்தான் கேட்கும்.