கல்யாண மண்டபத்தில் கொடுத்த மனு: டீச்சரம்மா பதில்கள்

கேள்வி: டீச்சரம்மா, வணக்கம். போளூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். பத்தாவது படித்திருக்கிறேன், நூறு நாள் வேலைக்குப் போகிறேன். எங்கள் பள்ளியில் 143 பிள்ளைகள், நான்கே ஆசிரியர்கள். எட்டு வகுப்பை நாலு பேர் எப்படிப் பார்ப்பார்கள்? எம்.எல்.ஏ. ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது மண்டபத்திலேயே மனு கொடுத்தோம். வாங்கி, பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டார். ஐந்து மாதம் ஆகிறது, ஒரு தகவலும் இல்லை. இனி யாரைப் பார்ப்பது?
(ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: தங்கச்சி, அந்த மனு மொய்க் கவரோடு கலந்து எங்கே போனதோ! அவரையும் குறை சொல்ல மாட்டேன். முகூர்த்த நாளில் ஐந்தாறு மண்டபம் ஏறி இறங்குகிறவர் அவர். போகிற இடமெல்லாம் நாலு மனு நீட்டுவார்கள்.

நானும் இதில் சூடு பட்டவள்தான். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊர்ப் பள்ளிக் குழுவில் ‘கல்வியாளர்’ என்று என்னைச் சேர்த்தார்கள். எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் நாலு பக்கத்தில் பதினொரு கோரிக்கை எழுதிக்கொண்டு போனோம். பொறுமையாகப் படித்தார். “டீச்சர், இதுல ஒண்ணுதான் முடியும்னா எது வேணும்?” என்று கேட்டார். நான் வகுப்பறை என்றேன், தலைவி கழிப்பறை என்றார், கூட வந்த வார்டு உறுப்பினர் சுற்றுச்சுவர் என்றார். எம்.எல்.ஏ. சிரித்துவிட்டார். வெளியே டீக்கடையில் நாங்கள் மூன்று பேரும் போட்ட சண்டை தனிக்கதை. அதற்கப்புறம் ஒரு தாளுக்கு மேல் நான் எழுதியதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஒன்று முதல் ஐந்து வரை எத்தனை பேர், ஆறு முதல் எட்டு வரை எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு பேச்சுக்கு 92, 51 என்று வைத்துக்கொள்வோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி, தொடக்க வகுப்புகளில் 91 முதல் 120 பிள்ளைகள் வரை இருந்தால் நான்கு ஆசிரியர்கள் வேண்டும். ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவராவது வேண்டும், அதாவது மூவர். ஆக ஏழு. உங்களிடம் இருப்பது நாலு. “ஆசிரியர் பற்றாக்குறை, தயவுசெய்து ஆவன செய்க” என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். “சட்டப்படி 7, இருப்பது 4” என்று எழுதினால் படிக்கிறவர் ஒரு நிமிடம் நிற்பார்.

அடுத்து ஒன்றைக் கண்டுபிடியுங்கள். முக்கால்வாசிக் குழுக்கள் கோட்டை விடுவது இங்கேதான். உங்கள் பள்ளியில் பணியிடமே இல்லையா, அல்லது பணியிடம் இருந்து ஆள் இல்லையா? ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள். உங்கள் பள்ளிக்கு எத்தனை இடம் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். ஏழு இடம் இருந்து மூன்று காலியென்றால் முதலில் போகவேண்டியது வட்டாரக் கல்வி அலுவலரிடம். ஒரு பள்ளியின் காலியிடம் மொத்தப் பணியிடத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. 2022இல் 13,331 காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கே அரசு அனுமதி கொடுத்தது. அதுமாதிரி இப்போது ஏதும் அனுமதி இருக்கிறதா என்றும் அவரிடமே கேளுங்கள்.

நாலு இடம்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றால் கதை வேறு. புதுப் பணியிடத்துக்கு அரசாணை வேண்டும், நிதித்துறை தலையாட்ட வேண்டும். உள்ளூர் அதிகாரியால் ஆகாத காரியம் அது. சட்டமன்ற உறுப்பினர் தேவைப்படுவது அங்கேதான்.

அவரிடம் போவதற்கு முன்னால் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் பள்ளிக்கு மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்கு மட்டும் கேட்டால், பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப் பணியில் அனுப்பி வாயை அடைத்துவிடுவார்கள். உங்கள் ஊரில் கைதட்டல், அடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர் இல்லை. அங்கேயும் உங்களைப் போல ஒரு தலைவி இருக்கிறாள், அவளும் எனக்குக் கடிதம் போடுவாள்!

அதனால் ஒன்றியத்தில் உள்ள மற்ற நடுநிலைப் பள்ளிகளின் தலைவிகளுக்கு போன் போடுங்கள். ஒரு நோட்டில் கோடு போட்டு நாலு கட்டம்: பள்ளி, பிள்ளைகள், சட்டப்படி எத்தனை ஆசிரியர், இருப்பது எத்தனை. எட்டுப் பத்துப் பள்ளி சேர்ந்துவிட்டால் அது ஓர் ஊர்க் குறையாக நிற்காது, தொகுதியின் பிரச்சினை ஆகிவிடும். சட்டமன்றத்தில் எழுந்து பேசுவதற்கு எம்.எல்.ஏ.வுக்கும் அதுதான் வசதி. ஒரு பள்ளிக்காகப் பேசினால் அமைச்சர் “பரிசீலிக்கப்படும்” என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். பத்துப் பள்ளிப் பட்டியலை அப்படித் தள்ளுவது கொஞ்சம் கஷ்டம்.

எப்போது போவது? பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். அதன் பிறகு ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்குவது பற்றிச் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம். பள்ளிக் கல்வித் துறை நாளில் உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக் குறைகளைப் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குள் உங்கள் பட்டியல் நுழைய வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரியிலேயே அவர் கையில் இருக்க வேண்டும். ஏப்ரலில் கொடுப்பது பஸ் போன பிறகு கையைக் காட்டுவது மாதிரி. ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி அதன் நகலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுத் தீர்மானம் ஏற்கனவே பள்ளிக் கல்வித் துறையின் செயலியில் ஏறியிருக்கும், அந்தத் தேதியையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

மண்டபம், துக்க வீடு, திருவிழா மேடை மூன்றும் வேண்டாம். தொகுதி அலுவலகத்தில் நேரம் கேட்டு ஐந்து பேர் போங்கள், மூன்று பேராவது அம்மாக்களாக இருக்கட்டும். “பார்த்துப் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு வராதீர்கள். இரண்டே விஷயம் கேளுங்கள். முதன்மைக் கல்வி அலுவலருக்கு அவருடைய லெட்டர் பேடில் ஒரு கடிதம், நகல் உங்களுக்கு. மானியக் கோரிக்கை விவாதத்தில் இந்தப் பட்டியலைப் பற்றி ஒரு நிமிடம். மனுவின் நகலில் உதவியாளரிடம் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள், அவர் போன் நம்பரையும் வாங்குங்கள். இரண்டு வாரம் கழித்துப் பேச வேண்டியது அவரிடம்தான்.

முடிந்தால் ஒரு வேலை நாளில் காலை பத்தரை மணிக்கு எம்.எல்.ஏ.வைப் பள்ளிக்குக் கூப்பிடுங்கள். மேளம், மைக் எதுவும் இல்லாமல். ஆறும் ஏழும் எட்டும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதை அவரே பார்க்கட்டும்.

அவர் அசையவே இல்லையா? சட்டமன்றத்தின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும். வருவதற்கு முன் மனுக்கள் அனுப்பச் சொல்லி அறிவிப்பு வெளியாகும். நீண்ட நாளாகத் தீராத பொதுப் பிரச்சினை என்றால் எடுத்துக்கொள்வார்கள். வேலை கொடு, பட்டா கொடு என்கிற தனிநபர் கோரிக்கைக்கு அங்கே இடமில்லை.

கேள்வி: நான் தலைமை ஆசிரியர். குழுவோடு எம்.எல்.ஏ.வைப் பார்க்க என்னையும் கூப்பிடுகிறார்கள். போகலாமா?
(பெயர் வேண்டாம், விழுப்புரம்)

பதில்: போகாதீர்கள் சார். தன் பணி விஷயத்துக்காக அரசு ஊழியர் வெளியார் செல்வாக்கைக் கொண்டுவரக் கூடாது என்று நடத்தை விதிகள் சொல்கின்றன. நீங்கள் கேட்பது பள்ளிக்காகத்தான், தெரியும். ஆனால் உங்களைப் பிடிக்காதவர் யாராவது அதை வேறு மாதிரி எழுதிப் போட்டால் விளக்கம் கொடுத்தே ஒரு வருஷம் ஓடிவிடும். எண்ணிக்கையைச் சரிபார்த்துக் கொடுங்கள், பெற்றோர் போகட்டும். குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் வைத்திருப்பது பின்னே எதற்காம்?

கேள்வி: ஆண்டு விழாவுக்கு எம்.பி. வருகிறார். எங்கள் பள்ளிக்குக் காலை உணவு சரியாக வருவதில்லை. அவரிடம் சொல்லலாமா?
(குழு உறுப்பினர், தென்காசி)

பதில்: காலை உணவு மாநில அரசின் திட்டம். அதற்கு எம்.எல்.ஏ.வையும் கலெக்டரையும் பாருங்கள். எம்.பி.யிடம் கேட்க வேறு விஷயம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கல்வி, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. பள்ளிகளுக்கான மத்திய அரசுத் திட்டமான சமக்ர சிக்ஷா பணம் டெல்லியிலிருந்து வர வேண்டும், 2024-25இல் அது நின்றுபோய் மாநிலமே திண்டாடியது. அதைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் அவருக்கு ஆண்டுக்கு 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. வகுப்பறை கட்ட இடம் இருந்தால், நில ஆவண நகலோடு கேளுங்கள்.

கேள்வி: எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகும்போது சால்வை வாங்கிக்கொண்டு போக வேண்டுமா? பள்ளி மானியத்தில் கணக்கு எழுதிக்கொள்ளலாமே என்கிறார் ஓர் உறுப்பினர்.
(வாசகி, ஆரணி)

பதில்: மானியத்திலா? சுண்ணாம்புக்கும் பக்கெட்டுக்கும் வந்த பணம் அது, தணிக்கையில் மாட்டுவது நீங்கள்தான். போட்டே ஆகவேண்டும் என்று அந்த உறுப்பினருக்கு ஆசையாக இருந்தால் அவர் கைக்காசில் வாங்கட்டும். கூடவே மனுவை நாலு நகல் எடுக்கவும் அவரையே காசு கொடுக்கச் சொல்லுங்கள்.