பாதிக்குப் பாதி போட்டா நியாயமாயிடுமா?

மலேசியா, சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. கோயில்ல தாலி கட்டி எட்டு மாசம், டவுன்ல வாடகை வீடு. இவங்க தடிக்கா (பாலர் பள்ளி) டீச்சர், 1,700 வெள்ளி சம்பளம், ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பிடிச்சது போக 1,500 கிட்ட கைக்கு வருது. அவரு செம்பனை எண்ணெய் மில்லுல வேலை, ஓடி (ஓவர்டைம்) இல்லாமயே 3,000 கைக்கு வரும். வீட்டுச் செலவு 1,500, ஆளுக்கு 750. வாடகையும் நெட்டும் அவரு, சாமானும் கரண்ட் தண்ணி பில்லும் இவங்க. "காடி (கார்) தவணை 700 வேற நான் கட்டுறேன், அப்போ நாந்தானே கூட போடுறேன்"னு அவரு சொல்றாராம். எஸ்டேட்ல இருக்குற அம்மாவுக்கு 200 குடுத்துட்டா கையில ஒன்னும் நிக்கல, இது சரியானு கேக்குறாங்க.

சரி இல்லமா.

750 உங்க சம்பளத்துல பாதி, அவரு சம்பளத்துல கால். தொகை ஒன்னுதான், பாரம் ஒன்னு இல்ல. வருமானம் ஒன்னுக்கு ரெண்டா இருக்குறதால செலவையும் அப்படியே பிரிச்சுக்கோங்க, நீங்க 500, அவரு 1,000. அப்பவும் உங்க கையில 1,000 நிக்கும், அவருக்கு 2,000, காடி தவணை போனாலும் 1,300 மிச்சம், அதனால அவருக்கு ஒன்னும் கஷ்டம் வராது. ஓடியை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க, காய் நிறைய வர்ற மாசம் கூடும், மத்த மாசம் குறையும், அதை நம்பி வாடகை கட்ட முடியாது. ஓடி காசு வந்தா ஒரு பங்கு ரெண்டு பேருக்கும் பொதுவான சேமிப்புக்குப் போகட்டும்.

ஆனா நான் முக்கியமா பாக்குறது வேற, யாரு எதுக்குக் காசு கட்டுறாங்கங்குறது. நீங்க வாங்குற அரிசி, மீன், கேஸ் எல்லாம் மாசக் கடைசியில தீந்துடும். அவரு கட்டுற தவணை அவரு பேர்ல காடியா நிக்கும். அஞ்சு வருஷம் கழிச்சு அவருகிட்ட காடி இருக்கும், உங்ககிட்ட காலி அரிசிச் சாக்குதான் இருக்கும், நீங்களும் அதே வீட்டுக்குத்தான் அஞ்சு வருஷமா சம்பாதிச்சுப் போட்டிருப்பீங்க. அதனால காடி தவணை வீட்டுச் செலவு கிடையாது, அது அவரோட சொத்து. பெட்ரோல் மட்டும் பொதுவுல வரட்டும், நீங்களும் ஏறிப் போறீங்க இல்ல. நாளைக்கு வீடு வாங்குனா ரெண்டு பேர் பேரும் இருக்கணும், இதுல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க.

காலையில பாசார் போறது, சமைக்கிறது, துணி துவைக்கிறது யாருனு நீங்க எழுதவே இல்ல, எழுதாததுலயே எனக்குப் புரிஞ்சுது. அதையும் பேசுங்க, அதுவும் பங்குதான். அம்மாவுக்குக் குடுக்குற 200 உங்க கைக்காசு, அதுக்கு யார்கிட்டயும் கணக்கு சொல்ல வேணாம், அவரும் அவங்க வீட்டுக்குக் குடுத்தா அதே மாதிரிதான்.

அப்புறம் தாலி கட்டுனதை மட்டும் சொல்லியிருக்கீங்க, ரெஜிஸ்டர் பத்தி ஒரு வார்த்தை இல்ல. இன்னும் பண்ணலனா இந்த மாசமே ஜேபிஎன் (தேசியப் பதிவிலாகா) போயிடுங்க. 1982 மார்ச் 1ல இருந்து நம்ம கல்யாணத்தை சட்டப்படி பதிவு பண்ணித்தான் ஆகணும், கோயில்ல நடந்தது மட்டும் போதாது. பதிவு இருந்தா, ஒருவேளை பிரிய நேர்ந்தாலும் சொத்தைப் பிரிக்கும்போது நீங்க போட்ட காசு மட்டும் இல்ல, வீட்டைப் பாத்துக்கிட்ட உழைப்பையும் கோர்ட் கணக்குல எடுக்கும். பதிவு இல்லனா மனைவிங்குற முறையில கல்யாணச் சட்டத்துல எதுவும் கேக்க முடியாது. ஈபிஎஃப்ல ஐ-சாயாங்னு ஒன்னு இருக்கு, அவரு சம்பளத்துல பிடிக்கிற 11 சதவீதத்துல 2 சதவீதத்தை உங்க கணக்குக்கு மாத்தி விடலாம், அவரு கைக்கு வர்ற சம்பளம் குறையாது, ஆனா அதுக்கும் சட்டப்படி மனைவியா இருக்கணும்.

இதையெல்லாம் சண்டை நேரத்துல எடுக்காதீங்க. சம்பளம் போட்ட அன்னைக்கு சாப்பிட்டு முடிச்சதும் ரெண்டு பேர் பே ஸ்லிப்பையும் போன மாச பில்லையும் மேசையில வச்சு, 500, 1,000னு ஒரு தாளுல எழுதிக் காட்டுங்க. அவரு கெட்டவரு மாதிரி தெரியல, உங்க கையில மிச்சம் எவ்வளவுனு இதுவரைக்கும் பாத்திருக்க மாட்டாரு.