ஏற்காட்டு வீட்டில் லில்லி ஆஃப் தி வேலி பூக்குமா?

கேள்வி: எங்களுக்குச் சேலத்தில் வீடும், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டி ஒரு சிறிய ஓய்வு வீடும் இருக்கின்றன. பிரான்சில் வசிக்கும் மகள் மே மாதத்தில் அனுப்பிய படத்தில் பார்த்த லில்லி ஆஃப் தி வேலியை வளர்க்க ஆசைப்படுகிறேன். இணையத்தில் விதையும் விற்கிறார்கள், கிழங்கும் விற்கிறார்கள். எதை வாங்குவது, எந்த வீட்டில் வைப்பது? விடுமுறைக்குப் பேரக்குழந்தைகள் வந்து போவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: ஏற்காட்டு மண்ணில் ஒரு முறை நட்டுவிட்டால் ஆண்டுதோறும் தானாகப் பூக்கும் என்று இந்தச் செடியிடம் எதிர்பார்க்க வேண்டாம். தொட்டியில் வைத்து, ஃபிரிட்ஜின் துணையோடு, ஒரு பருவம் பூக்க வைப்பது இயலும். சேலத்து வீட்டில் அதுவும் வீண் செலவாகவே முடியும்.

காரணம் குளிர். ஐரோப்பாவின் குளிர்ப் பகுதிகளிலுள்ள காடுகளில் மர நிழலில் பரவும் இச்செடியின் இலைகள் இலையுதிர் காலத்தில் காய்ந்துவிட, மண்ணுக்கடியில் படர்ந்த தண்டின் நுனிகளில் முளைகள் உறங்குகின்றன. சுமார் 5 டிகிரி செல்சியஸுக்கும் குறைவான குளிர் பத்துப் பன்னிரண்டு வாரங்கள் விடாமல் கிடைத்தால்தான் அந்த உறக்கம் முழுமையாகக் கலையும். உங்கள் பக்கத்துக் காப்பிச் செடியின் மொட்டு மார்ச், ஏப்ரலில் பெய்யும் பூமழைக்குக் காத்திருப்பதைப் போல, இதன் மொட்டு குளிருக்குக் காத்திருக்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரி இரவுகள் நமக்குக் கம்பளி கேட்கும் அளவுக்குக் குளிர்ந்தாலும், வெப்பநிலை பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை; பகலில் 20 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அந்தக் குளிரை மட்டும் நம்பி நட்டால், மெலிந்த இலைகள் இரண்டு மூன்று வரும், பூ வராது.

விதையை வாங்காதீர்கள். இதன் சிவந்த பழத்திலுள்ள விதை, வேர் விடுவதற்கும் தளிர் விடுவதற்கும் தனித்தனியே குளிர்காலங்களைக் கேட்பது. முளைத்த பிறகும் பூக்கச் சில ஆண்டுகளாகும். நீலம், ஊதா, மஞ்சள் என்று பல நிறப் படங்களைப் போட்டு விற்கப்படும் விதைகள் ஏமாற்று வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. இச்செடியில் வெள்ளைப் பூதான் வழக்கம். வெளிர் இளஞ்சிவப்பில் ஒரு வகை உண்டு. வேறு நிறம் கிடையாது. மகள் ஊருக்கு வரும்போது பெட்டியில் நாலு கிழங்கைப் போட்டுக்கொண்டு வரட்டும் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் அந்நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் நடவுப் பொருளைக் கொண்டுவர முடியாது.

ஆகவே முறையாக இறக்குமதி செய்து விற்பவரிடம் வேருடன் கூடிய முளைக்கிழங்கை வாங்குங்கள். கையில் வந்ததும் முளையைப் பாருங்கள்: பருத்து, நுனி மழுங்கி இருப்பது பூமுளை, மெலிந்து, நுனி கூர்ந்து இருப்பது இலைமுளை. இலைமுளை அந்த ஆண்டு பூக்காது. வேர் வெளுத்து விறைப்பாக இருக்க வேண்டும்; கறுத்துக் கொழகொழத்திருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். கிழங்குகளைக் குளிர்கிடங்கில் வைத்துப் பக்குவப்படுத்தி அனுப்புகிறாரா என்று விற்பவரிடம் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி வந்தவற்றை உடனே நடலாம்.

பக்குவப்படுத்தாமல், நவம்பர் தொடக்கத்தில் வந்து சேர்ந்தால், லேசாக ஈரப்படுத்திய தென்னை நார்க்கழிவில் சுற்றி, துளையிட்ட பிளாஸ்டிக் பையில் இட்டு, ஃபிரிட்ஜில் 2 முதல் 5 டிகிரி வரை குளிர் நிலைத்திருக்கும் இடத்தில் ஜனவரி இறுதி வரை வைத்திருங்கள். ஃபிரீசரில் வைக்கக் கூடாது. ஆப்பிள், வாழைப்பழம் போன்றவை பழுக்கும்போது வெளியிடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும் என்பதால் அவற்றுக்கு அருகிலும் வேண்டாம். பையின் மேல் ‘விஷம்’ என்று பெரிதாக எழுதி, மூடியுள்ள டப்பாவுக்குள் வைப்பது நல்லது. சமையலறையில் இஞ்சித் துண்டென்று யாராவது எடுத்துவிடக் கூடாதல்லவா?

நடும் நாளில் கிழங்குகளை இரண்டு மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள். ஆறங்குல வாயுள்ள, சற்று ஆழமான தொட்டியில் ஐந்தாறு கிழங்குகளை, முளை நுனி மண்மட்டத்தில் தெரியும்படி நடலாம். செம்மண், நன்கு மட்கிய இலைமட்கு, மணல் மூன்றும் சம அளவில் இருந்தால் போதும். சில்வர் ஓக் மரத்தடியில் சேரும் மட்கு இதற்கு மிக உகந்தது. முதல் ஒரு வாரம் வெளிச்சம் குறைந்த, வீட்டிலேயே மிகக் குளிர்ந்த அறையிலும், பிறகு காலை வெயில் மட்டும் சிறிது படும் கிழக்கு வராந்தாவிலும் வையுங்கள். மண் காயவும் கூடாது, நீர் தேங்கவும் கூடாது. நான்கு வாரங்கள் அளவில், அதாவது மார்ச் வெயில் ஏறுவதற்கு முன், பூத்தண்டு எழும். முதலில் பச்சைக் குண்டுமணிகளாகத் தொங்கும் மொட்டுகள் அடியிலிருந்து ஒவ்வொன்றாக வெளுத்து விரியும். வாசம் அறை முழுவதும் நிற்கும்.

பூ முடிந்ததும் தொட்டியை நிழலில் வைத்து இலை பழுக்கும் வரை பராமரித்தால் அடுத்த ஆண்டுக்குப் புது முளைகள் உருவாகக்கூடும். ஆனால் ஏற்காட்டு மழை மாதங்களில் கிழங்கு அழுகிவிடுவதற்கே வாய்ப்பு அதிகம். ஒரு பருவத்துக்கு வாங்கியது என்று கணக்கு வைத்துக்கொள்வதே சரி.

இனிப் பேரக்குழந்தைகள். வேர், இலை, பூ, பழம் அனைத்திலும் கான்வல்லாடாக்சின் முதலிய, இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள்கள் இருக்கின்றன. பூக்கொத்து வைத்த குவளை நீர்கூட நஞ்சாகிவிடும். உட்கொண்டால் வாந்தி, வயிற்றுவலி, மயக்கம் ஏற்பட்டு, இதயத் துடிப்பு தாறுமாறாகும். சிவப்புப் பழம் குழந்தைகளின் கண்ணைப் பறிக்கும் என்பதால், வாடிய பூத்தண்டைக் காய்க்கும் முன்பே வெட்டிவிட வேண்டும். பூஜையறையில் தீர்த்தச் சொம்பில் இதை இடவே கூடாது. யாராவது தவறி உட்கொண்டுவிட்டால் உப்பு நீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாமல், செடியின் இலை ஒன்றையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஏற்காட்டிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும் என்பதை நினைத்தால், சிறு குழந்தைகள் தங்கும் நாட்களில் தொட்டியைப் பூட்டிய அறையில் வைப்பது மிகையாகாது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று தோன்றினால், ஏற்காட்டு நிழலுக்கு வெள்ளை இஞ்சி லில்லியைச் சிபாரிசு செய்வேன். ஈரம் இருந்தால் கேட்காமலே பெருகும், வாசமும் தரும், நச்சுமில்லை. சேலத்து மாடியில் நல்ல வெயில் இருக்குமானால் சம்பங்கிக் கிழங்கு பத்து வையுங்கள். அதற்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை.