பதினாறு வயது வரை எழுத்தறியாத மரினா சில்வா பிரேசிலின் அமைச்சரானது எப்படி?

மரினா 1958-ல் அமேசான் காட்டுக்குள், ஆக்ரி மாநிலத்தில் ரப்பர் பால் வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாகவே அந்த வேலைக்குப் போனார்: பட்டையைச் சாய்வாகக் கீறி, கீழே கிண்ணம் கட்டி, சொட்டும் பாலைச் சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடமே கிடையாது. பதினாறு வயதில் மஞ்சள் காமாலைச் சிகிச்சைக்காக ரியோ பிராங்கோ நகரத்துக்கு வந்தவர், வீட்டுவேலை செய்துகொண்டே எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பட்டம்.

அவரை அரசியலுக்குள் இழுத்தது ரப்பர் தொழிலாளர் தலைவர் சிக்கோ மெண்டிசுடன் நடத்திய போராட்டம். காட்டை அழிக்க ஆட்கள் வரும்போது, தொழிலாளர்கள் பெண்டு பிள்ளைகளோடு மரங்களுக்கு முன்னால் போய் நின்றுவிடுவார்கள். 1988-ல் மெண்டிசைச் சுட்டுக் கொன்றார்கள். மரினா பின்வாங்கவில்லை, 1994-ல் செனட்டரானார்.

2003-ல் அதிபர் லூலாவின் அரசில் சுற்றுச்சூழல் அமைச்சர். என் பார்வையில் அவருடைய பெரிய சாதனை இங்கேதான். 2004-ல் கொண்டுவந்த திட்டம் செயற்கைக்கோள் கண்காணிப்பையும் களத்தில் அதிரடிச் சோதனையையும் இணைத்தது. அந்த ஆண்டு 27,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டிய அமேசான் காடழிப்பு, 2012-ல் 5,000-க்கும் கீழே இறங்கியது. ஆனால் அரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்ததால் 2008-ல் பதவியை உதறினார்.

மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்று தோற்றார். 2023-ல் லூலா திரும்பி வந்தபோது, அதே துறையை மறுபடியும் ஏற்றுக்கொண்டார்.