நாயின் மூக்கிலும் பாதத்திலும் ஆறாத பொருக்கு: மிருக வைத்தியரின் பதில்கள்

கோப்பாய் வாசகர்: எங்கள் ஆறு வயது நாயின் மூக்கின் மேலும் காதுகளிலும் மஞ்சள் பொருக்கு படிந்திருக்கிறது. சொறி என்று இரண்டு மாதம் மருந்து கொடுத்தும் பலனில்லை.

பதில்: காலைத் தூக்கி உள்ளங்கால் மெத்தைகளைப் பாருங்கள். அவையும் தடித்து வெடித்து ஓரங்களில் பொருக்குக் கட்டியிருந்தால், பெம்பிகஸ் போலியேசியஸ் என்ற அரிய நோயாக இருக்கலாம். தோற்கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதங்களை உடலின் பிறபொருளெதிரிகளே தாக்குவதால் கலங்கள் பிரிந்து சீழ்க்கொப்புளம் எழும்புகிறது. அது விரைவில் உடைந்துவிடுவதால் நீங்கள் காண்பது பொருக்கை மட்டுமே. சிற்றுண்ணிச் சொறிக்காகத் தோலைச் சுரண்டிப் பார்ப்பதும், பங்கசுப் பரிசோதனையும் முதலில் நடக்கவேண்டும். ஏனெனில் இந்நோய்க்குரிய ஸ்டீரொய்ட் அவ்விரண்டையும் மோசமாக்கும். உறுதிப்படுத்துவது தோலில் சிறு துண்டை வெட்டியெடுத்துச் செய்யும் பரிசோதனைதான். அதற்குப் போகுமுன் நாயைக் குளிப்பாட்டிப் பொருக்கைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். பிரிந்து உருண்ட கலங்கள் அந்தப் பொருக்கினுள்ளேதான் இருக்கும்.

பருத்தித்துறை வாசகி: வீட்டில் சிறுபிள்ளைகள் இருக்கிறார்கள். தொற்றுமா?

பதில்: பெம்பிகஸ் தொற்றாது. ஆனால் பங்கசுப் படை தொற்றும். அது இல்லையென்று தெரியும்வரை பிள்ளைகளை நாயைத் தொடவிடவேண்டாம்.

சாவகச்சேரி வாசகர்: இந்நோய்க்குப் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் தொடங்கி மூன்று வாரமாகிறது. பொருக்கு உதிர்ந்துவிட்டது, ஆனால் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்து இரவெல்லாம் சிறுநீர் கழிக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். பொதுவாக ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் அளவில் தொடங்கும் இம்மருந்து, உடல் தானே சுரக்கும் ஸ்டீரொய்டை அடக்கிவிடுவதால், திடீரென நிறுத்தினால் நாய் சோர்ந்து விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம், பொருக்கும் திரும்பும். வைத்தியர் அதை வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார், தேவையானால் நோயெதிர்ப்பைத் தணிக்கும் அசதயோபிரின் என்ற மருந்தையும் சேர்த்து இரத்தப் பரிசோதனை செய்வார். தாகம் இம்மருந்தின் இயல்பான விளைவு, தண்ணீரைத் தடுக்கவேண்டாம். கறுத்த மலமோ வாந்தியோ கண்டால் அன்றே அழைத்துச் செல்லுங்கள். வேறு நோமாத்திரை எதையும் சேர்க்காதீர்கள்.

நல்லூர் வாசகர்: கராஜிலிருந்து கழிவு எண்ணெய் வாங்கிப் பூசச் சொல்கிறார்கள்.

பதில்: வேண்டவே வேண்டாம். அப்படிப் பூசிய நாய்களை என் மேசையில் கண்டிருக்கிறேன். எண்ணெயை நக்கி வாந்தியெடுத்து, வெந்த தோலோடு நடுங்கிக்கொண்டு நிற்கும். வெயில் இந்நோயைத் தூண்டக்கூடும். ஆதலால் காலை பத்து மணி முதல் பின்னேரம் நான்கு வரை நாயை முற்றத்தில் கட்டாமல் விறாந்தையின் உட்பக்கத்தில் படுக்கவிடுங்கள்.