தாளத்தை எண்ணி வரைந்தவர்கள்

வணக்கம் சார். 1929இல் வந்த ‘தி ஸ்கெலிட்டன் டான்ஸ்’ கார்ட்டூனை என் மகளோடு பார்த்தேன். எலும்புக்கூடுகள் வைக்கிற ஒவ்வொரு அடியும் தாளத்தில் விழுகிறது. படத்தை வரைந்து முடித்த பிறகு, அதைப் பார்த்து வாசித்தார்களா? எல்லாம் டிஸ்னியே வரைந்ததா?
ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

டிஸ்னி அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே வரைவதை விட்டுவிட்டார். அந்தப் படத்தில் பெரும்பகுதியை வரைந்தவர் அப் ஐவர்க்ஸ். இசை கார்ல் ஸ்டாலிங். இசையை முன்னால் வைத்து ஒரு படவரிசை எடுக்கலாம் என்ற யோசனையே ஸ்டாலிங்குடையதுதான். கான்சாஸ் சிட்டியில் மௌனப்படங்களுக்குத் தியேட்டரில் ஆர்கன் வாசித்தவர் அவர், திரையில் ஒருவன் வழுக்கி விழுந்தால் அதே நொடியில் கையும் கட்டையில் விழ வேண்டும் என்று பழகியவர். அந்தப் பழக்கம் இல்லாமல் இந்தப் படம் இல்லை என்றே நினைக்கிறேன்.

சரி, உங்கள் முதல் கேள்வி. வாசித்துப் பதிவு செய்தது பிறகுதான், ஆனால் தாளக் கணக்கு வரைவதற்கு முன்பே முடிந்துவிடும். ஒலிப்படத்தில் விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடும். 12 ஃபிரேமுக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 120 தட்டு. அப்புறம் எத்தனையாவது ஃபிரேமில் கால் தரையைத் தொட வேண்டும் என்று எண்ணியே வரைந்துவிடலாம். 1928இல் டிஸ்னியின் மிக்கி மவுஸ் கார்ட்டூனான ‘ஸ்டீம்போட் வில்லி’க்கு இந்தக் கணக்கைப் போட உதவியது வில்ஃபிரட் ஜாக்சன் என்ற இளைஞர் கொண்டுவந்த ஒரு மெட்ரோனோம், அதாவது சீராகத் தட்டித் தாளம் காட்டும் கருவி. அவர் அம்மா பியானோ டீச்சர்! அந்தப் படத்தின் முதல் ஒலிப்பதிவு சரியாக வரவில்லை. இரண்டாவது தடவை, துள்ளுகிற பந்து ஒன்றைத் திரையில் ஓடவிட்டு, அதைப் பார்த்து இசையை நடத்தினார்கள்.

‘ஸ்கெலிட்டன் டான்ஸ்’ வரையும்போது, ஒரு முக்கிய அசைவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வரும் ஓவியங்களை உதவியாளர்களிடம் கொடு என்று டிஸ்னி சொல்லியும் ஐவர்க்ஸ் கேட்கவில்லை, தானே வரைந்தார். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். ஐவர்க்ஸும் ஸ்டாலிங்கும் 1930 ஜனவரியில் டிஸ்னியை விட்டுப் போனார்கள். ஸ்டாலிங் 1936 முதல் 1958 வரை வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களுக்கு இசையமைத்தார், பக்ஸ் பன்னி ஓடும்போது நீங்கள் கேட்டது பெரும்பாலும் அவர் கைதான். இத்தனைக்குப் பிறகும் நம்மிடம் டிஸ்னி பெயர் மட்டும்தான் வந்து சேர்ந்தது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இன்னொரு தடவை பார்க்கும்போது, ஒரு எலும்புக்கூடு மற்றொன்றின் தொடையெலும்புகளைப் பிடுங்கி அதன் முதுகிலேயே சைலோஃபோன் வாசிக்குமே, அந்த இடத்தில் சத்தத்தை அணைத்துவிட்டு மகளை மேசையில் தட்டச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்தே தாளத்தைப் பிடித்துவிடுவாள்.