தேவை ஆவணத்தை ஏஐ சரிபார்க்குமா?

கேள்வி: மென்பொருள் தேவைகளை, அதாவது மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதும் வரிகளை, சரிபார்க்க ஏஐ-யை நம்பலாமா?

பதில்: எது செயல் பற்றிய தேவை, எது வேகம், பாதுகாப்பு போன்ற தரம் பற்றிய தேவை என்று வகைபிரிக்க ஓரளவு நம்பலாம். ஆனால் இதில் ஏஐ-யைப் பழக்கிச் சோதிக்க ஆய்வுகளில் அதிகம் பயன்படும் 'பிராமிஸ்' என்ற தரவுத்தொகுப்பில் இருப்பவை 15 புராஜெக்ட்களின் 625 தேவைகள்தான், அதுவும் மாணவர்கள் எழுதியவை. அதில் தேறிய மாடல் உங்கள் வங்கி ஆவணத்தில் தடுமாறக்கூடும்.

பெரிய ஆபத்து வேறு. "சிஸ்டம் வேகமாகப் பதிலளிக்க வேண்டும்" என்று கொடுத்துத் திருத்தச் சொன்னால், "2 விநாடிக்குள்" என்று அதுவே நிரப்பிவிடும். வாடிக்கையாளர் அந்த எண்ணைச் சொல்லவே இல்லை! திருத்தச் சொல்லாமல், எது தெளிவில்லை என்று கேள்விகளாகக் கேட்கச் சொல்லுங்கள். அதற்குமுன் ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர்கள் 2009-இல் வெளியிட்ட 'இயர்ஸ்' என்ற வாக்கிய வடிவில் தேவைகளை எழுதுங்கள்: "பின் எண் மூன்றுமுறை தவறினால், ஏடிஎம் கார்டை முடக்க வேண்டும்." நிபந்தனை முதலில், செயல் பிறகு. விடுபட்ட நிபந்தனை உடனே கண்ணில் படும்.